மூலம் என்ற ஒரு சொல்: வடசென்னைச் சுவர்களும் ஒரு துண்டறிக்கையும்

ராயபுரம் கல்மண்டபத்தில் ஏறி எண்ணூர் வரைக்கும் ஒரு தடவை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் போதும். எந்த நோயைப் பற்றி இந்தப் பக்கத்தில் அதிகம் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். காசநோய் இல்லை, சர்க்கரை இல்லை. மூலம். மெட்ரோ தூண், மின்வாரியப் பெட்டி, கம்பெனி காம்பவுண்டு, பொதுக் கழிப்பிடத்தின் கதவு என்று இடம் கிடைத்த எல்லாவற்றிலும் "மூலம், பௌத்திரம், வெடிப்பு. ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு" என்ற வாசகம், கீழே ஒரு செல்போன் எண். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கொண்டே போனேன். திருவொற்றியூர் தேரடி வருவதற்குள் நாற்பது ஆகிவிட்டது. அதோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அந்தச் சுவர் வாசகத்தையும், என் மேஜையில் கிடக்கும் ஒரு புற்றுநோய் விழிப்புணர்வுத் துண்டறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற குறிப்பு இது. புத்தகங்களைப் பற்றி எழுதுகிற இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று வழக்கமாக வருகிற நண்பர்கள் கேட்கலாம். ஒரு பிரதி வாசகனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்பதும் விமர்சனம்தான். இந்த இரண்டில் ஒன்று என் மாமாவைப் பதினான்கு மாதம் தப்பான இடத்தில் உட்கார வைத்தது. இன்னொன்று அவரை எங்கேயுமே கூட்டிக்கொண்டு போகவில்லை.

மாமாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுடைய தம்பி. திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் ஷிஃப்ட் வேலை. ஐம்பதாவது வயதில் மோஷன் போகும்போது ரத்தம் வர ஆரம்பித்தது. "சூடுப்பா, வேற ஒண்ணும் இல்ல. நைட் ஷிஃப்ட் பார்த்தா இப்படித்தான் ஆவும்" என்றார். அத்தை துத்திக் கீரை வதக்கிப் போட்டார், கருணைக்கிழங்கு மசியல் செய்தார், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். நிற்கவில்லை. அப்புறம் சுவரில் இருந்த ஒரு எண்ணுக்குப் போன் செய்தார். அங்கே இருந்தவர் கேட்டதெல்லாம் இரண்டே கேள்வி: எவ்வளவு நாளாக, வலி இருக்கிறதா. வலி இல்லை என்றார் மாமா. "உள் மூலம்" என்று சொல்லி ஒரு லேகியமும் மாத்திரையும் கொடுத்தார்கள். மாதா மாதம் போய் வாங்கிக்கொண்டு வந்தார். நடுவில் பதினோரு கிலோ இறங்கியது. "சுகர் டயட்ல இருக்கேன்" என்று கூட வேலை செய்தவர்களிடம் சொல்லிக்கொண்டார்.

பதினைந்தாவது மாதம் படியேறும்போது மூச்சு வாங்குகிறதென்று ஒரு அரசு மருத்துவமனைக்குப் போனார். ரத்தச் சோகை. ஐம்பது வயது ஆணுக்கு இவ்வளவு சோகை எப்படி வந்தது என்று சந்தேகப்பட்ட ஒரு இளம் டாக்டரம்மா, திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, கையுறை போட்டு விரல் வைத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. விரலுக்கே தட்டுப்பட்டது கட்டி. அந்தப் பதினைந்து மாதத்தில் அவரை முதல்முதலாகத் தொட்டுப் பார்த்தவர் அவர்தான்.

கரண்ட் வைத்தார்கள், கீமோ கொடுத்தார்கள், ஆபரேஷன் செய்தார்கள். மாமா இருக்கிறார். வயிற்றில் ஒரு பையோடு இருக்கிறார், அது இனி நிரந்தரம். முன்னாடியே பார்த்திருந்தால் பை இல்லாமல் போயிருக்குமா என்று கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

இப்போது சுவருக்கு வருவோம். விமர்சகனாகச் சொன்னால், அது நன்றாக எழுதப்பட்ட பிரதி. வாசகன் யார் என்று அதற்குத் தெரியும். அவனுக்குக் கத்தி பயம், லீவு போட்டால் சம்பளம் போகும், இந்த விஷயத்தை இன்னொருத்தரிடம் சொல்ல வெட்கம். எல்லாவற்றுக்கும் நான்கு வார்த்தையில் பதில் வைத்திருக்கிறது. எல்லாவற்றையும்விட, நோய்க்கு அவன் வாயில் ஏற்கனவே இருக்கிற பெயரையே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிரதியில் இல்லாத சொல் ஒன்றே ஒன்று: பரிசோதனை. பெயரை வாசகனே வைத்துக்கொள்கிறான், சுவர் மருந்தை மட்டும் விற்கிறது.

மூலம் என்றால் வேர், ஆதி. பழைய சித்த மருத்துவ நூல்களில் இந்தச் சொல் இவ்வளவு குறுகலாக இல்லை. யூகி முனிவர் பெயரில் வழங்கும் வைத்திய சிந்தாமணி மூலத்தை 21 வகையாகப் பிரிக்கிறது. இருபத்தொன்று என்ற கணக்கு இன்றைய மருத்துவத்தோடு பொருந்துமா என்பது வேறு விவாதம். ஆனால் ஒரே பெயருக்குள் பல நோய் ஒளிந்திருக்கும், பிரித்துப் பார்த்த பிறகுதான் மருந்து என்ற எச்சரிக்கை அந்தப் பகுப்பிலேயே இருக்கிறது. சுவர் அந்த இருபத்தொன்றையும் ஒன்றாக்கிவிட்டது. மரபு வைத்தியத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு மரபில் இருந்த ஜாக்கிரதையை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டது என்பதுதான் என் முதல் புகார்.

ரத்தம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உண்மையிலேயே மூலமோ வெடிப்போதான் இருக்கும். அதனால்தான் இந்தச் சொல் இவ்வளவு ஆபத்தானது. பத்தில் ஒன்பது பேருக்குச் சரியாக இருக்கிற பெயரைப் பத்தாவது ஆள் சந்தேகப்படவே மாட்டான். மூலம் இருக்கிறவருக்குக் கூடவே மேலே ஒரு கட்டியும் இருக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

அடுத்தது துண்டறிக்கை. யார் அச்சடித்தது என்று சொல்லப் போவதில்லை, நான் சேர்த்து வைத்திருக்கிற எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். மேலே கருநீல ரிப்பன். மருந்து அதிகாரத்தில் இருந்து ஒரு குறள். வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் பூங்காவில் ஓடுகிற படம். உள்ளே, "பெருங்குடல் மற்றும் மலக்குடல் புற்றுநோயைத் தடுக்க" என்று எட்டு அறிவுரை. நார்ச்சத்து, உடற்பயிற்சி, எடைக் கட்டுப்பாடு, "மாமிச உணவைத் தவிர்க்கவும்". கடைசி வரியில், "புகை, மது தவிர்க்கவும்". பின்பக்கம், "மலம் கழிக்கும் பழக்கத்தில் மாறுதல் ஏற்பட்டால் மருத்துவரை அணுகவும்."

மூலம் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. மக்கள் அத்தனை பேரும் இந்த நோயைத் தப்பாக எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்களோ, அந்தப் பெயரே அறிக்கையில் கிடையாது. இதை மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார். "நல்லாத்தான் எழுதிக்கிறாங்க. ஆனா இதுல நான் எங்கடா இருக்கேன்?" என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. எட்டு அறிவுரையை வரிசையாகப் பாருங்கள். மாமிசம் முன்னால் வருகிறது, புகையும் மதுவும் கடைசியில் வருகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் முதல் பிரிவில் வைத்தது பதப்படுத்திய இறைச்சியை, அதாவது சாசேஜ், பேக்கன், ஹாம் வகையறா. தினமும் 50 கிராம் அதைச் சாப்பிட்டால் குடல் புற்றுக்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றார்கள். நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை, ஏற்கனவே இருக்கிற வாய்ப்பு அவ்வளவு ஏறும் என்றுதான் அர்த்தம். சாதாரண மாட்டுக்கறியும் ஆட்டுக்கறியும் "அநேகமாக" என்கிற 2ஏ பிரிவில்தான் வந்தன. மீனும் கோழியும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் புகைக்கும் மதுவுக்கும் குடல் புற்றோடு உள்ள தொடர்பு போதுமான சான்றுகளோடு நிறுவப்பட்டது என்று அதே முகமை சொல்லிவிட்டது.

அப்படியிருக்க, காசிமேட்டில் நெத்திலியும் வாரத்துக்கு ஒருநாள் மாட்டுக்கறியும் சாப்பிடுகிற குடும்பத்திடம் "மாமிசத்தைத் தவிர்" என்று முதலில் சொல்வது மருத்துவம் இல்லை. யாரோ ஒருவருடைய சமையலறை ஆசாரம் மருத்துவத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. படிக்கிறவனுக்கு இது உடனே புரியும். "இவங்க வேற ஆளு, நமக்குச் சொல்லல" என்று மடித்து வைத்துவிடுவான். அதோடு டாஸ்மாக் பற்றிய உருப்படியான வரியும் சேர்ந்து போய்விடும்.

அறிக்கையில் இல்லாத இன்னொன்று இரவு வேலை. சுழற்சி முறையில் இராத்திரி வேலை பார்ப்பதை அதே முகமை 2007இலும் பிறகு 2019இலும் 2ஏ பிரிவில் வைத்தது. இரண்டாவது முறை, தொடர்பு தென்பட்ட புற்றுகளில் பெருங்குடலையும் மலக்குடலையும் சேர்த்தே சொன்னது. மாமாவுக்கு அதனால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை, ஒரு ஆளுக்கு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் துறைமுகமும் மின்நிலையமும் தொழிற்சாலைகளும் ராத்திரி பகலாக ஓடுகிற இந்த நீளத்துக்கு ஒரு அறிக்கை எழுதுகிறவர், பூங்காவில் ஓடுகிற தாத்தாவை எடுத்துவிட்டு அந்த ஒரு வரியைப் போட்டிருக்கலாம்.

எங்கள் பக்கத்து எழுத்திலும் ஒரு பழக்கம் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வடசென்னையில் யாருக்குப் புற்று வந்தாலும் "காத்துதான் காரணம்" என்று முடித்துவிடுகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்ததையும், அதே மாதம் அமோனியா கசிந்து ராத்திரியோடு ராத்திரியாக ஜனங்கள் ஓடியதையும் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் வராமல் இருக்காது. கோபம் நியாயம். ஆனால் இந்தக் குறிப்பிட்ட புற்றுக்கு அந்தக் காரணம் நுரையீரலுக்கு இருக்கிற அளவுக்கு நிறுவப்படவில்லை. "காத்து" என்ற சொல்லும் "சூடு" என்ற சொல்லும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் விளக்கம் கொடுத்துவிடுகின்றன, அதனால் யாரும் பரிசோதனைக்குப் போவதில்லை.

சரி, அரசு என்ன எழுதியிருக்கிறது? 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் கொண்டுவந்த வழிகாட்டியின்படி முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, மூன்று புற்றுநோய்கள் என்று பார்க்க வேண்டும். மூன்று என்றால் வாய், மார்பகம், கருப்பை வாய். அப்படியானால் ஒரு ஆணுக்கு வாயை மட்டும்தான் பார்ப்பார்கள். குடல் பட்டியலில் இல்லை.

இதில் எடுத்தவுடனே குறை சொல்ல முடியாது. குடல் புற்று உலகத்தில் வருஷத்துக்கு 19 லட்சம் பேருக்கு வருகிறது, 9 லட்சம் பேர் சாகிறார்கள். ஆனால் இந்தியாவில் லட்சம் பேருக்கு 5 அளவில்தான், உலகச் சராசரி 18 அளவில். அமெரிக்காவில் 2021இல் பரிசோதனை வயதை 50இல் இருந்து 45 ஆக இறக்கினார்கள் என்பதற்காக நாமும் நாற்பத்தைந்து தாண்டிய எல்லோருக்கும் கொலோனோஸ்கோப்பி என்று கிளம்ப முடியாது. ஏற்கனவே ரத்தம் வருகிறவர்கள் அந்த வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுவார்கள்.

ஆனாலும் முடியவே முடியாத காரியம் என்று நினைக்க வேண்டாம். தாய்லாந்தின் லம்பாங் மாநிலத்தில் 2011, 2012இல் 50 முதல் 65 வயது வரைக்கும் உள்ளவர்களைக் கூப்பிட்டு மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்கிற ஃபிட் பரிசோதனை செய்தார்கள். இது மனித ரத்தத்தை மட்டும் பிடிக்கிற சோதனை, முந்தின நாள் கறி சாப்பிட்டால் குழம்பாது. ஏறக்குறைய 63 சதவீதம் பேர் வந்தார்கள், ஆண்கள் பெண்களைவிடக் குறைவு. வந்தவர்களில் 1.1 சதவீதம் பேருக்குத்தான் மேற்கொண்டு கொலோனோஸ்கோப்பி தேவைப்பட்டது. நூறில் ஒருவர் என்றால் ஆஸ்பத்திரிகள் தாங்கும். அதில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் சங்கரநாராயணன். இவரே நம் திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாக வைத்துக் கிராமத்துப் பெண்களிடம் வினிகர் தடவிக் கருப்பை வாயைப் பார்க்கும் ஆய்வை நடத்தி, சாவு 35 சதவீதம் குறைவதை 2007இல் காட்டியவர். கருப்பை வாய்க்கும் குடலுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டிலும் புற்று ஆவதற்குப் பல வருஷம் முன்னாலேயே ஆபத்தில்லாத ஒரு நிலை இருக்கிறது. குடலில் அதன் பெயர் பாலிப். பெரும்பாலும் பத்து வருஷ அளவில் மெதுவாக மாறும். கொலோனோஸ்கோப்பியில் பார்த்த இடத்திலேயே எடுத்துவிட்டால் அந்தப் பாலிப்பில் இருந்து புற்று வருவதில்லை.

நம் ஊருக்கு இன்றைக்கே முடிகிற காரியம் இதைவிடச் சின்னது. ஆரோக்கியமாக இருக்கிறவரைக் கூப்பிட்டுப் பார்ப்பது ஒன்று, அறிகுறி வந்தவரை உடனே பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதற்கென்றே 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 800 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட கணக்கில் சராசரி வயது 47. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தம் வந்திருக்கிறது. பத்தில் நான்கு பேருக்குப் புற்று மலக்குடலில். அதிலும் கணிசமானவை விரலுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். ஒரு ஜோடி கையுறை, ஒரு நிமிஷம், ஒரு திரைச்சீலை போதும். குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து வருஷம் தாண்டுகிறவர்கள் அமெரிக்கக் கணக்கில் சுமார் 90 சதவீதம், வேறு உறுப்புக்குப் பரவிய பிறகு என்றால் சுமார் 15. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் அந்தப் பதினான்கு மாதங்கள் கிடக்கின்றன.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள். கதவைத் தட்டுகிற ஆள் ஏற்கனவே இருக்கிறார். "மோஷன்ல ரத்தம் வருதா? யாராவது கை வெச்சுப் பாத்தாங்களா?" என்று இன்னும் ஒரு கேள்வி சேர்த்தால் போதும். ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லியில் குடல் இரைப்பை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. போக வேண்டிய இடம் தூரத்தில் இல்லை, போகச் சொல்கிற வாக்கியம்தான் இல்லை.

2022 டிசம்பர் கடைசியில் பீலே இறந்தபோது எங்கள் தெரு முனையில் பையன்கள் பெரிய பேனர் வைத்தார்கள். மஞ்சள் ஜெர்சி, கண்ணீர் அஞ்சலி. அவர் இறந்தது பெருங்குடல் புற்றில். பேனரில் அது இல்லை, இருக்க வேண்டும் என்றும் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் டீக்கடையில் நின்று பேசியவர்களில் ஒருவர்கூட எந்த வியாதி என்று கேட்கவில்லை. அந்தப் பேச்சில் நானும்தான் இருந்தேன்.

அதனால் நானே ஒரு அறிக்கை எழுதிப் பார்த்தேன். குறள் இல்லை, ரிப்பன் இல்லை.

"மூலம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. ரத்தம் வந்தா, ஒரு தடவை டாக்டர் கை வெச்சுப் பாக்கணும். பாக்காம மருந்து குடுத்தா, 'பாத்துட்டுக் குடுங்க'ன்னு கேளுங்க. வலி இல்லைன்னா பயமில்லைன்னு அர்த்தம் இல்ல. மலம் கழிக்கிற பழக்கம் மூணு வாரத்துக்கு மேல மாறியிருந்தாலும், போயிட்டு வந்தும் இன்னும் போகணும் போல இருந்தாலும், காரணமில்லாம சோகை வந்தாலும், எடை குறைஞ்சாலும் போய்ப் பாருங்க. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க யாருக்காவது குடல் புத்து இருந்தா, உங்களுக்கு ஒண்ணும் இல்லாட்டியும் நாப்பது வயசுல போய்க் கேளுங்க. அவங்களுக்குச் சின்ன வயசுல வந்திருந்தா, அந்த வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடியே போங்க."

கடைசி வரி எங்கள் வீட்டுக்கே எழுதியது. மாமா பையனுக்கு இன்னும் வயது இருக்கிறது. அம்மாவுக்கு ஐம்பத்தாறு, கூடப் பிறந்தவள். ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "எனக்கு என்னடா, நல்லாத்தானே இருக்கேன். அந்த மாதிரி டெஸ்டெல்லாம் எப்படிடா பண்ணிக்கிறது, வெக்கமா இருக்காதா" என்கிறாள். போன வாரம் மாமாவே வந்து, "அக்கா, எனக்கு ஒரு நிமிசம்தான் வெக்கமா இருந்துச்சு. இந்தப் பை தெனமும் இருக்கு" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை போகலாமா என்று ராத்திரி அவளாகவே கேட்டாள்.

நான் எழுதியதை மாமாவிடம் காட்டினேன். பேனா வாங்கி ஒரே ஒரு இடத்தில் அடித்தார். "மலம் கழிக்கிறன்னு எவன்டா சொல்றான்? மோஷன் போறன்னு போடு."